எஸ்கேப் என்றாலே 'தப்பிப்பது' என்று எழுதிவிடாதீர்கள்

நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுமொழி ஆங்கிலம்தான். கோயில் அறிவிப்போ பிள்ளைகளின் கட்டுரையோ, முதலில் ஆங்கிலத்தில் யோசித்து அப்புறம்தான் தமிழுக்கு வருகிறது. அப்படி வரும்போது ரொம்பவே அடிபடும் சொல் எஸ்கேப். 'தப்பு' என்ற வினையை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள்.

பெரிய குழப்பம் சிறை, தண்டனை பற்றி எழுதும்போது வருகிறது. ஆங்கில வாக்கியத்தில் எஸ்கேப்புக்குப் பின்னால் 'ஃப்ரம்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் உள்ளே இருந்தவர் வெளியேறிவிட்டார் என்று பொருள், இல்லையென்றால் பெரும்பாலும் அவருக்கு வரவேண்டியது வராமல் போனது என்று பொருள். நம் நாட்டு வரலாற்றிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1963 ஆகஸ்ட் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் மார்ஷல் ஸ்கொயர் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டிருந்த நிறவெறி எதிர்ப்புப் போராளிகள் ஆர்தர் கோல்ட்ரைச், ஹரோல்ட் வோல்ப், மோசி மூலா, அப்துல்ஹய் ஜசாத் ஆகிய நால்வரும் இளம் காவலர் ஒருவரைச் சரிக்கட்டி வெளியேறினார்கள். இவர்கள் காவலிலிருந்து தப்பி ஓடினார்கள். 1964 ஜூன் 12 அன்று நிறவெறி அரசை எதிர்த்தவர்கள் மீதான ரிவோனியா வழக்கில் மண்டேலா உட்பட எட்டுப் பேருக்குத் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கிடைத்தது. இவர்கள் தூக்குக்குத் தப்பினார்கள். உருபைக் கவனியுங்கள், முதலாவதில் 'இலிருந்து', இரண்டாவதில் 'கு'. இங்கேயும் 'தப்பி ஓடினார்கள்' என்று எழுதினால் 1990 வரை சிறையில் இருந்த மனிதரை ஓடிப்போனவராக ஆக்கிவிடுகிறீர்கள். மாணவர் கட்டுரையில்கூட இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது உயிர் பிழைத்தவர்களைப் பற்றி எழுதுவது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'எஸ்கேப் ஆயிட்டான்' என்றால் வேலைக்கோ கடனுக்கோ டிமிக்கி கொடுத்தவன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் மிஞ்சியவரைப் பற்றி 'வெள்ளத்தில் எஸ்கேப் ஆனார்' என்று எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? உயிர் தப்பினார், பிழைத்துக்கொண்டார் என்று எழுதுங்கள். நூலிழையில் என்றால் 'மயிரிழையில் உயிர் தப்பினார்'.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ஃபயர் எஸ்கேப்பை 'தீ தப்பிக்கும் வழி' என்று எழுதுகிறார்கள், அதைப் படித்தால் தப்பிப்பது தீதான். தீமிதிக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும் கோயில்களில் இப்படி ஒரு பலகை இருக்கவே கூடாது. 'தீப்பிடித்தால் இந்தப் படி வழியே வெளியேறவும்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள், இடம் போதாவிட்டால் 'அவசர வழி' போதும்.

எரிவாயு தப்பாது, கசியும். நீராவி வெளியேறும். ஒருவர் பெயர் 'என்னிடமிருந்து தப்பிவிட்டது' என்பது தமிழே இல்லை, பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிழை கண்ணில் படாமல் போகும். ராக்கெட் பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான, நொடிக்குச் சுமார் 11.2 கிலோமீட்டர் வேகத்துக்குப் பாடநூல்களில் 'விடுபடு வேகம்' என்று நல்ல பெயரே இருக்கிறது.

கணினிக்காரர்கள் எஸ்கேப் செய்வது வேறு. நிரலில் ஒரு குறிக்கு முன்னால் பின்சாய்கோடு (பேக்ஸ்லாஷ்) போட்டால், 'அடுத்து வருவதை வழக்கமான பொருளில் எடுத்துக்கொள்ளாதே' என்று கணினிக்குச் சொல்கிறோம். அங்கே 'தப்பிக்கும் எழுத்து' என்று எழுதினால் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. இந்த இடத்தில் எஸ்கேப் என்று தமிழ் எழுத்தில் அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுப்பதே மேல்.

சுற்றுலா விளம்பரத்துக்கும் இது பொருந்தாது. 'டிராக்கன்ஸ்பர்க் தப்பித்தல்' என்றால் யாருக்கும் போகத் தோன்றாது, 'டிராக்கன்ஸ்பர்க் மலையில் இரண்டு நாள் ஓய்வு' என்றால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள்.