ஹெபடைடிஸ் சி சிகிச்சையின்போது மூச்சு வாங்கினால் செய்ய வேண்டியவை

திருநெல்வேலிச் சீமையில் மூச்சு வாங்குவதை "இளைக்கு" என்று சொல்வது வழக்கம். வெளியூர் மருத்துவர் அதை உடல் மெலிவதாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், கல்லீரலைத் தாக்கும் கிருமி நோயான ஹெபடைடிஸ் சி-க்குச் சிகிச்சையில் இருப்பவர் "மூச்சு வாங்குகிறது" என்றே சொல்லி, அது எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படி ஏறும்போதா, படுத்ததுமா, எழுந்து உட்கார்ந்ததுமா, சும்மா இருக்கையில் திடீரென்றா என்ற விவரமே பல நேரங்களில் காரணத்தைப் பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு முன் மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படியுங்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர் மாத்திரையை டக்ளாடஸ்விர் அல்லது வெல்படஸ்விருடன் சேர்த்து, பெரும்பாலோர்க்கு 12 வாரங்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். இவை தாமாக மூச்சுத் திணறலை உண்டாக்குவது அரிது. நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடிய இன்டர்ஃபெரான் ஊசியை 48 வாரம் வரை போட்டுக்கொண்ட பழைய நோயாளிகளின் அனுபவத்தைக் கேட்டு இன்று யாரும் மிரள வேண்டியதில்லை. ஆனால் அட்டையில் ரிபாவிரின் என்று இருந்தால் கவனம் தேவை.

ரிபாவிரின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. முதல் ஓரிரு வாரங்களில் தொடங்கும் இந்த இரத்தக்குறைவு ஏறத்தாழ நான்காவது வாரத்தில் உச்சத்தை எட்டும். ஓய்வில் எதுவும் தெரியாது. சந்திப்பு ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும். இதற்கு நம் வீடுகளில் உடனே ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வந்துவிடும். உணவாக அவற்றைச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் இங்கே இரும்புச் சத்து குறையவில்லை, அணுக்கள் உடைகின்றன. ஆகவே மருத்துவர் சொல்லாமல் இரும்புச் சத்து மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது 10 கிராமுக்குக் கீழே போனால் ரிபாவிரின் அளவைக் குறைப்பதும், 8.5-க்குக் கீழே போனால் நிறுத்துவதும் மருத்துவர்கள் பின்பற்றும் பொது விதி. இதய நோய் உள்ளவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் 2 கிராம் குறைந்தாலே அளவைக் குறைப்பார்கள். அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். நீங்களாக எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டால் அடங்கிவந்த கிருமி மீண்டும் தலைதூக்கும்.

படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தணிகிறது என்றால் வயிற்றிலோ நெஞ்சுக்கூட்டிலோ நீர் சேர்ந்திருக்கலாம், இதயமும் தளர்ந்திருக்கலாம். சுருங்கிப்போன கல்லீரலால் நீர் கோத்தவர்களுக்கே ரிபாவிரினையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம் என்பதால், நீரும் இரத்தக்குறைவும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்பதும் உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் மருத்துவரை அடுத்துப் பார்க்க வேண்டிய நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். உப்பு மிகுந்த கருவாட்டையும் அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கிவையுங்கள். இதற்கு நேர்மாறாக, படுத்தால் சுகமாகவும் எழுந்து உட்கார்ந்தால் இளைப்பாகவும் இருப்பது விநோதமாகத் தோன்றலாம். கல்லீரல் நோயால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விரிந்துபோவதால் அப்படி நேரும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுபவர்களே அதிகம்.

சில வேளைகளில் குற்றவாளி வேறொரு மாத்திரையாக இருக்கும். கல்லீரல் நோயாளிகளுக்கு இரத்தவாந்தி வராமல் தடுக்கக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், கார்விடிலால் ஆகியவை ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் சாப்பிடுபவர் சோஃபோஸ்புவிர் எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்து மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால், மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில், படுத்திருக்கும்போது ஒரு முறையும் உட்கார்ந்து சில நிமிடம் கழித்து ஒரு முறையும் பார்த்து, நாடித்துடிப்போடு எழுதிவையுங்கள். ஆனால் அந்தக் கருவியை முழுக்க நம்ப முடியாது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்தாலும் 98 என்று காட்டக்கூடும். எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சு வாங்குபவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நெஞ்சு இறுகினால் "வாயு" என்று முடிவுகட்டிக் கடையில் அமிலத்தைத் தணிக்கும் மருந்து வாங்கிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெல்படஸ்விர் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். ஜெலுசில் போன்றவற்றுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை, ஒமிப்ரசோல் வகையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினையும் சோஃபோஸ்புவிரையும் சேர்த்து எடுக்கக் கூடாது என்பதால் இதை முன்கூட்டியே அறிவது முக்கியம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடித்தட்டை மடியில் வைத்துப் புகையிலைத்தூளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த விவரத்தையும் மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய இளைப்பையும் புதிய இளைப்பையும் பிரித்தறிய அது உதவும்.

பேச முடியாத அளவுக்குத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல், முகமோ உதடோ வீங்குதல், ஆக்சிஜன் 90-க்குக் கீழ் இறங்குதல், நாடி 50-க்குக் கீழ் போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நோயாளியைச் சாய்ந்தாற்போல் உட்காரவையுங்கள். தலைசுற்றி மயங்கினால் மட்டும் படுக்கவைக்கலாம். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்துக்காரர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம் என்று பேருந்துக்குக் காத்திராமல், முதலில் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. கிளம்பும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கீழாநெல்லிப் பொடி உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எடையும் நாடியும் எழுதிய தாளை மேலாக வையுங்கள்.