பாஸ்பேட் பைண்டரைச் சாப்பாட்டிலேயே கலந்து கொடுங்கள்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பூனைக்கோ நாய்க்கோ டாக்டர் பாஸ்பேட் பைண்டர் (உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால், அதைத் தனியாக வாயில் புகட்டாதீர்கள். அன்றைய அளவைப் பிரித்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து வையுங்கள். பொடி என்றால், ஈர உணவில் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்தால் கட்டி தட்டாது. வாசனையும் எழும்பும், பசி மந்தமான பூனைகூட முகர்ந்து பார்க்க வரும்.

இந்த மருந்தின் வேலை முழுக்கக் குடலில்தான். உணவில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து, ரத்தத்தில் சேரவிடாமல் மலத்தோடு வெளியேற்றுகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் பிடிக்க எதுவும் இருக்காது, காசுதான் வீண். 'இயற்கையானது' என்று எலும்புத் தூள் சேர்க்கிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். அதில் பாஸ்பரஸ் ஏராளம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதைதான்.

கலந்த சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். பைண்டர் இல்லாமல் சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடப்பது ஆபத்து, பூனைக்கு இன்னும் அதிகம். டாக்டரிடம் வேறு வகை கேட்டுப் பாருங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகளையும் பைண்டர் பிடித்துக்கொள்ளும் என்பதால், எவ்வளவு இடைவெளி விடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கால்சியம் கூடுதலாக இருந்தால் கால்சியம் உள்ள பைண்டர் சரிப்படாது. சிறுநீரக நோய்க்கான உணவிலேயே பாஸ்பரஸ் கட்டுக்குள் வந்துவிட்டால் பைண்டரே தேவைப்படாமல் போகலாம்.