துப்பட்டாவுக்கு ஸ்காலப் ஓரம்: முதலில் தையல், பிறகுதான் கத்தரி

ஸ்காலப் ஓரம், அதாவது வரிசையான சிறு வளைவுகளாக அமைந்த விளிம்பு, கோணலாகிப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வளைவை முதலில் வெட்டிவிட்டு, வெட்டிய விளிம்பின் மேல் ஜிக்ஜாக் (இடவலமாகப் போய்வரும் தையல்) ஓட்டுவது. வெட்டிய வளைவு கிராஸில், அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக, இருப்பதால் இழுபட்டு அலை அலையாகும். ஊசி விளிம்புக்கு வெளியே இறங்கும் இடத்தில் பிடிமானம் இல்லாமல் துணி உள்ளே சுருண்டுகொள்ளும். எனவே முழுத்துணியில் கோடு வரைந்து, அதன் மேல் தைத்து, கடைசியில் வெட்டுங்கள்.

இதற்கு ஜிக்ஜாக் தைக்கும் வீட்டு மெஷின் வேண்டும். நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில் இது வராது. ஜிக்ஜாக் மெஷினாக இருந்தாலும் ஊசி இறங்கும் தட்டைப் பாருங்கள்: நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தட்டு மாட்டியிருந்தால் முதல் தையலிலேயே ஊசி தட்டில் மோதி உடையும். அடியில் பள்ளம் உள்ள எம்பிராய்டரி ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) மாட்டுங்கள். தடித்த தையல் அந்தப் பள்ளத்தின் வழியாக நகரும். தட்டையான ஃபுட்டில் அது முட்டி நின்று, நூல் ஒரே இடத்தில் மொத்தையாகச் சேரும்.

பழகுவதற்கு மெல்லிய காட்டன் துணியே நல்லது. 11 நம்பர் ஊசி, மேலே ரேயான் எம்பிராய்டரி நூல் போடுங்கள். துப்பட்டாவின் இரண்டு பக்கமும் வெளியே தெரியும் என்பதால் பாபினிலும் (அடிநூல் சுற்றும் உருளை) அதே நிறம் இருக்கட்டும். நூல் எதிர்பார்ப்பதைவிட அதிகம் செலவாகும். 3.5 மி.மீ. அகலத்தில் நெருக்கமாக ஒரு மீட்டர் தைக்க, மேல்நூல் மட்டுமே சுமார் 10 மீட்டர் போகும். அதனால் நிறைந்த பாபினோடு தொடங்குங்கள். வளைவின் நடுவில் பாபின் தீர்ந்தால் இணைத்த இடம் தெரிந்துவிடும்.

கோடு வரைதல்

துணியை நனைத்து உலர்த்தி, கஞ்சி போட்டு மொடமொடப்பாக இஸ்திரி செய்யுங்கள். பிறகு விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே ஒரு கோடு, அதற்கும் 1 செ.மீ. உள்ளே இன்னொரு கோடு. 5 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு மூடியை எடுத்து, வெளிக்கோட்டைத் தொட்டபடி வைத்து, உள்கோட்டை வெட்டும் இடம்வரை மட்டும் பென்சிலால் லேசாக வரையுங்கள். 4 செ.மீ. அகலமும் 1 செ.மீ. ஆழமும் உள்ள வளைவு கிடைக்கும். அரைவட்டமாக வரைய ஆசை வரும். அதில் இரண்டு வளைவு சேரும் பள்ளம் மிகக் குறுகலாகிவிடும், புதியவர்களுக்கு அது தேவையில்லாத தலைவலி.

துணியின் அகலம் 92 செ.மீ. என்றால் 23 வளைவு சரியாக வரும். 94 வந்தால் மீதி 2 செ.மீ.-ஐக் கடைசி வளைவின் தலையில் கட்டாதீர்கள். ஒவ்வொரு வளைவையும் 1 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவாக அகட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது.

தையல்

துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் வைத்து குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஏறும். தாள் இல்லாமல் தைத்தால் ஜிக்ஜாக் இருபுறமும் இழுத்து, துணி நடுவில் குழாய்போல் எழும்பும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போகாது.

முதலில் கோட்டின் மேலேயே 2 மி.மீ. நீளத்தில் ஒரு நேர்த்தையல். இது வளைவு இழுபடாமல் பிடிக்கும். அடுத்து அதன் மேல் ஜிக்ஜாக்: அகலம் 3.5, நீளம் 0.4, மேல்நூல் டென்ஷன் (நூலின் இறுக்கம்) வழக்கமாக 4 என்றால் 2 அல்லது 3. வெட்டிக் கழிக்கும் பகுதி உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மெஷின் துணியையும் சேர்த்து விழுங்கும்.

துணியை இழுக்கவோ தள்ளவோ கூடாது. நகர்த்துவது ஃபுட்டுக்கு அடியில் உள்ள மெஷினின் பல் செய்யும் வேலை, திருப்புவது மட்டும் உங்களுடையது. வளைவில் நான்கைந்து தையலுக்கு ஒருமுறை, ஊசி வலப்பக்கம், அதாவது வெளிப்பக்கம், இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைச் சிறிது திருப்புங்கள். ஊசி இடப்பக்கம் இருக்கும்போது திருப்பினால் வெளிவிளிம்பில் தையல் விசிறிபோல் விரிந்து இடைவெளி விழும். வளைவுகள் சேரும் பள்ளத்தில் இது தலைகீழ்: கோடு முடியும் இடத்தைத் தாண்டி, தையலின் அகலம் அளவுக்கு உள்ளே போய், ஊசியை இடப்பக்கம் இறக்கித் திருப்பவேண்டும். அந்த 3.5 மி.மீ.-ஐச் சோம்பல்பட்டு விட்டவர்களுக்குப் பள்ளத்தில்தான் முதலில் பிசிறு கிளம்பும். அங்கே கைச்சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பது நல்லது.

பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனை இன்னும் குறையுங்கள். ரேயான் நூல் அடிக்கடி அறுந்தால் வேகத்தைக் குறைத்து, புது ஊசி மாற்றிப் பாருங்கள்.

வெட்டுதல்

தைத்து முடித்ததும் தையலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளைக் கிழித்தெடுங்கள். வளைந்த முனையுள்ள சிறு கத்தரியால், தையலை ஒட்டி அரை மி.மீ. விட்டு வெட்டுங்கள். கத்தரியைத் திருப்பாமல் துணியைத் திருப்பினால் வளைவு சீராக வரும். தையல் எங்காவது அறுபட்டால் துணிப்பசை ஒரு சொட்டு வைத்து, காய்ந்தபின் அந்த 1 செ.மீ. மட்டும் மறுபடி தையுங்கள்.

பிசிறு தெரிகிறதா? அடியில் புதிதாகத் தாள் வைத்து, அகலத்தை 4 ஆக்கி, ஊசி வெளிப்பக்கம் துணியை மயிரிழை தாண்டி இறங்கும்படி இரண்டாவது சுற்று ஓட்டுங்கள்.

ஜார்ஜெட்டுக்கு வேறு வழி

ஜார்ஜெட், சிஃபானில் மேலே சொன்னதைச் செய்து நூலை வீணாக்க வேண்டாம். அவற்றுக்குச் சிப்பி ஓரம் போதும். விளிம்பை இரண்டு முறை மடித்து அரை செ.மீ. மடிப்பாக இஸ்திரி செய்யுங்கள். பிளைண்ட் ஹெம் தையல், அகலம் 5, நீளம் 2, டென்ஷன் 6 அல்லது 7. இங்கே டென்ஷனைக் கூட்டுவதுதான் வித்தை: ஊசி சில நேர்த்தையல் போட்டபின் ஒருமுறை பக்கவாட்டில் தாவும், மடிப்புக்கு வெளியே இறங்கி, இறுகிய நூலால் மடிப்பை உள்ளே இழுக்கும். அதுதான் சிப்பி வடிவம்.

ஊசி எந்தப் பக்கம் தாவுகிறது என்று கைச்சக்கரத்தைச் சுற்றி முதலில் பாருங்கள், மடித்த விளிம்பு அந்தப் பக்கம் இருக்கவேண்டும். தாவும் ஊசி துணியிலேயே குத்தினால் சிப்பி உருவாகாது. காட்டன் போன்ற விறைப்பான துணியிலும் இது சரியாக மடங்காது. இஸ்திரிப் பெட்டியைத் தையல் கோட்டோடு நிறுத்துங்கள், சிப்பிகளின் மேல் ஏற்றினால் தட்டையாகிவிடும்.