வீட்டு வீடியோவை அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006-ல் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. சித்தப்பா மினிடிவி என்ற சிறிய டிஜிட்டல் கேசட் போட்ட கேம்கார்டரில் ஒரு மணி நேரம் படம் பிடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, போனில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதைத் த்ரீஜிபி கோப்பாக மாற்றி வாங்கினோம். அந்தக் காலத்துப் பட்டன் போன்களில் ஓடிய வடிவம் அது. போனில் பார்த்தாயிற்று என்பதால் கேசட்டின் மேல் வேறொரு விசேஷத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். இன்று கையில் இருப்பது அந்தச் சின்னக் கோப்பு மட்டும்தான். அகலம் 176 புள்ளி, உயரம் 144 புள்ளி. கேசட்டில் இருந்ததோ 720-க்கு 576. பதினாறில் ஒரு பங்குதான் தப்பிப் பிழைத்திருக்கிறது. குழந்தை அசையாமலிருக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பது பாட்டி என்று சேலையின் அரக்கு நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். முகம் தெரியவில்லை.

மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தவறைத் திருத்த வழியே இல்லை. அனுப்புவதற்குச் செய்யும் பிரதி வேறு, வைத்துக்கொள்ளும் மூலம் வேறு. சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் கோப்பு சிறியதாக, எந்தக் கருவியிலும் ஓடுவதாக இருக்க வேண்டும். மூலம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இருக்கட்டும். மினிடிவி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 கிகாபைட் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஒரு பொருட்டே இல்லை.

அந்த மூலத்தைக் கணினிக்குக் கொண்டுவருவதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். மினிடிவி கேசட்டில் இருப்பது டிஜிட்டல் தகவல். கேமராவின் ஃபயர்வயர் துளை வழியாக எடுத்தால் அது அப்படியே நகலாகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள ஏவி கேபிளில் மலிவான யுஎஸ்பி கருவியைச் செருகி எடுத்தால், டிஜிட்டல் ஒருமுறை அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆகிறது. நிறம் மங்கும், விளிம்புகள் கரையும். விஎச்எஸ், ஹை8 போன்ற அனலாக் கேசட்டுகளுக்கு ஏவி கேபிள் சரி, மினிடிவிக்கு வேண்டாம். 8 செ.மீ. சிறு வட்டில் பதியும் டிவிடி கேம்கார்டர் வைத்திருந்தவர்கள், வட்டை அதே கேமராவில் போட்டு ‘ஃபைனலைஸ்’ (மற்ற கருவிகளிலும் ஓடும்படி பதிவை முடித்து வைப்பது) செய்தாயிற்றா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். செய்யாத வட்டைப் பெரும்பாலான கணினிகள் காலி வட்டாகவே காட்டும். கேமரா பழுதாகிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி என்ற கேம்கார்டர் பதிவு வடிவத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதன் கோப்புகள் 00000.எம்டிஎஸ், 00001.எம்டிஎஸ் என்று எண்களாகவே இருக்கும். இன்னொரு மெமரி கார்டு போட்டால் எண் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். இரண்டு கார்டுகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது “பழையதை மாற்றவா?” என்று கணினி கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் முதல் நாள் நிச்சயதார்த்தம் போய்விடும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குத் தேதியோடு ஒரு பெயர், உள்ளே கார்டில் இருந்த எல்லாம் அப்படியே. நீளமான காட்சிகளைக் கேமரா 2 அல்லது 4 கிகாபைட் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். தனித்தனியாக மாற்றினால் இணைப்பில் ஒரு துள்ளல் தெரியும், சில நேரம் தாலி கட்டும் நொடியிலேயே. முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

“எம்பி4-ல் அனுப்பினால் எல்லாவற்றிலும் ஓடும்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்பி4 என்பது தூக்குவாளி. உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று தூக்குவாளியின் பெயர் சொல்லாது. படம் எச்.264 முறையிலும் ஒலி ஏஏசி முறையிலும் இருந்தால்தான் பழைய டிவி முதல் புதிய போன் வரை ஓடும் என்று நம்பலாம். எச்.265 அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும், உண்மைதான். ஆனால் ஊரிலிருக்கும் பெரியப்பா வீட்டு டிவியில் ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுப்பாக நின்றால் அந்தச் சிக்கனத்தால் என்ன பயன்? எம்டிஎஸ் என்ற வாலை வெட்டி எம்பி4 என்று பெயர் மாற்றுவதும் மாற்றம் ஆகாது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பழைய கேம்கார்டர்கள் ஒரு படத்தை முழுதாக ஒரே நேரத்தில் பதிவதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகளை ஒரு கணத்திலும், மீதி வரிகளை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதியும். இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். குழாய் டிவி அதே வரிசையில் வரைந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் திரை எல்லா வரிகளையும் ஒன்றாகக் காட்டும்போது, அசையும் எதுவும் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரியும். அட்சதை தூவும் கையைப் பாருங்கள். மேடையும் பந்தலும் தெளிவாக இருக்கும், கையும் வளையலும் மட்டும் கோடு கோடாகப் பிரிந்திருக்கும்.

இதைச் சரி செய்யாமல் படத்தின் உயரத்தைக் குறைத்தால் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து நிரந்தரமாகிவிடும். எனவே முதலில் இன்டர்லேஸ் நீக்கம், பிறகே அளவு மாற்றம். நீக்குவதிலும் இரண்டு விதம் உண்டு. வினாடிக்கு 25 பிரேமாக, அதாவது 25 முழுப் படமாக, மாற்றினால் அசைவில் பாதியை இழக்கிறோம். கோலாட்டம் ஆடும் பிள்ளைகள் விட்டுவிட்டு நகர்வார்கள். 50 பிரேமாக மாற்றினால் அன்று டிவியில் பார்த்த அதே வழுக்கல் கிடைக்கும். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், இன்டர்லேஸ் நீக்கத்துக்கு யாடிஃப் (Yadif) என்பதைத் தேர்ந்தெடுத்து ‘பாப்’ (Bob) என்று வையுங்கள். பிரேம் வேகத்தையும் மறக்காமல் 50 ஆக்குங்கள், முன்னமைவுகள் பலவும் 25-லோ 30-லோ நிறுத்திவிடும். தரத்துக்கான எண் பழைய கேசட் படங்களுக்கு 18 முதல் 22 வரை போதும், எண் குறையக் குறையத் தரம் கூடும். இதெல்லாம் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்றால் அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி. அங்கே 50-க்குப் பதில் ஏறத்தாழ 60, 576 வரிக்குப் பதில் 480.

முகங்கள் வீங்கித் தெரிவதும் தவிர்க்கக் கூடியதே. 720-க்கு 576 என்ற படத்தின் புள்ளிகள் சதுரமல்ல. சாதாரணப் பதிவு 768-க்கு 576 ஆகவும், அகலத்திரைப் பதிவு 1024-க்கு 576 ஆகவும் விரிய வேண்டும். திரை நிறைய வேண்டுமே என்று 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். பட்டைக்காகத் தாத்தாவின் முகத்தை மாற்றக் கூடாது.

அனுப்பும் வழியில் கவனிக்க வேண்டியவை சில. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கப்படும். ஆவணமாக இணைத்தால் 2 கிகாபைட் வரை உள்ளது உள்ளபடியே போகும். யூடியூபில் 720 வரிக்குக் குறைந்த படங்களுக்கு 50 பிரேம் கிடைக்காது. அதனால் கேசட் படத்தை 1440-க்கு 1080 என்று பெரிதாக்கி ஏற்றினால் அசைவு காப்பாற்றப்படும். பென் டிரைவில் கொடுப்பதானால், ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. தரத்துக்கான எண்ணுக்குப் பதில் தரவு வேகத்தை வினாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரப் படம் 1.35 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

முழுக் கேசட்டையும் மாற்றத் தொடங்கும் முன் ஒரு நிமிடத் துண்டை வெட்டி எடுங்கள். யாராவது ஓடும், ஆடும், கை வீசும் இடமாகப் பார்த்து எடுங்கள். அதை மட்டும் மாற்றி, குடும்பத்திலேயே பழைய டிவி வைத்திருப்பவருக்கு முதலில் அனுப்புங்கள். படம் வருகிறதா, ஒலி வருகிறதா, கையில் கோடு தெரிகிறதா, முகம் முகமாக இருக்கிறதா என்று இந்த நான்கையும் போனில் கேட்டுக்கொண்ட பிறகு மீதி ஐம்பத்தொன்பது நிமிடத்தைத் தொடங்கலாம்.