ராத்திரி தூக்கம் வரலையா? கையில இருக்குற போனை வெச்சே மனசை கொஞ்சம் ஆத்திக்கலாம் (முதல் தடவை பண்றவங்களுக்கு)

எங்க சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடுற வீட்ல வளந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, தறி சத்தத்துல நல்லா தூக்கம் வரும், தறி நின்னாதான் முழிப்பு வரும். போன ஆடில எங்க பெரியக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. ஆர்டர் இல்லாம தறி நின்னுபோச்சு, ராத்திரி 2 மணிக்கு முழிச்சிட்டு படுத்தவாக்குலயே போனை நோண்டிட்டு கெடக்கும், "நெஞ்சு படபடங்குது கண்ணு, என்னமோ பண்ணுது"ன்னு சொல்லுச்சு. நெஞ்சு விஷயமாச்சேன்னு முதல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி ஈசிஜி எடுத்தோம், அது நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் பக்கத்துல உக்காந்து அக்கா போன்ல என்னென்ன செஞ்சு குடுத்தேனோ அதைத்தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்லைங்க, ஆனா இது எல்லாமே செஞ்சு பாத்தது.

ஸ்டெப் 1. எந்த ஆப்பும் இப்ப ஏத்தாதீங்க. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போயி கீழ தள்ளிட்டே வந்தா 'டிஜிட்டல் வெல்பீயிங்'னு ஒண்ணு இருக்கும், ஐபோன்னா 'ஸ்க்ரீன் டைம்'. அதைத் தொட்டா (ஆண்ட்ராய்டுல ஒரு வட்டமா வரும்) இன்னைக்கு மொத்தம் எவ்ளோ நேரம் போன் பாத்தீங்க, எத்தனை தடவை லாக் எடுத்தீங்கன்னு காட்டும். ஆண்ட்ராய்டுல அந்த வட்டத்தைத் தொட்டு உள்ள போனா ஒவ்வொரு ஆப்பையும் எத்தனை தடவை திறந்தீங்கன்னும் பாக்கலாம், நிறைய பேரு இதை கவனிக்கிறதே இல்ல. எனக்கு முக்கியமா பட்டது இதுதாங்க. அக்காவுக்கு யூடியூப்ல போனது முக்கால் மணி நேரம்தான், ஆனா வாட்ஸ்அப்பை 60 தடவைக்கு மேல திறந்து திறந்து மூடியிருக்கு. ஏன்க்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொல்லுச்சு, முன்பணம் குடுத்தவரு மெசேஜ் போட்டிருக்காரான்னு பாத்துட்டே இருந்தேன்னு. அதுவரைக்கும் எங்க யாருக்கும் இந்தக் கடன் விஷயம் தெரியாது. அதனால அந்த நம்பரைப் பாத்துட்டு "இவ்ளோ நேரம் போனா"ன்னு யாரையும் திட்டாதீங்க, எதைத் திரும்பத் திரும்ப திறக்குறாங்கன்னு பாருங்க, மனசுல என்ன ஓடுதுன்னு அதுலயே தெரிஞ்சிரும்.

ஸ்டெப் 2. ஆண்ட்ராய்டுல அதே இடத்துல 'பெட்டைம் மோட்' இருக்கும், ராத்திரி 10ல இருந்து காலைல 5 வரைக்கும்னு வெச்சிருங்க. அந்த நேரத்துல ஸ்க்ரீன் கலர் போயி கருப்பு வெள்ளையாயிரும், சத்தமும் வராது. அவசரத்துக்கு கூப்பிட்டா என்ன பண்றதுன்னு பயப்படாதீங்க, வீட்டு ஆளுங்க நம்பருக்கு ஸ்டார் போட்டு 'டூ நாட் டிஸ்டர்ப்'ல அவங்களை மட்டும் விடச் சொல்லி வெக்கலாம். போனுக்கு போன் மெனு பேரு கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ் தேடுற இடத்துல அடிச்சா வந்துரும்.

ஸ்டெப் 3, மூச்சு. இதுக்குன்னு ஆப் நிறைய இருக்கு, மெடிட்டோன்னு ஒண்ணு முழுசா இலவசம், விளம்பரமும் கிடையாது, ஆனா இங்கிலீஷ்ல பேசும், அக்காவுக்கு அது ஒத்துவரல. அதனால நானே போன் ரெக்கார்டர்ல என் குரல்ல பேசி வெச்சேன். 4 எண்ற வரைக்கும் மூச்சை இழுக்கணும், 6 எண்ற வரைக்கும் மெதுவா விடணும், விடுறது நீளமா இருந்தாதான் படபடப்பு அடங்கும். எத்தனை தடவைன்னு கணக்கு வெக்கத்தான் ஏற்காடு ரோட்டை எடுத்துக்கிட்டேன், அடிவாரத்துல இருந்து மேல போறதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவு வருதுல்ல, ஒரு மூச்சுக்கு ஒரு வளைவு. "இப்ப ஏழாவது வளைவு, பஸ் மெதுவா திரும்புது, மூச்சை விடுக்கா..." இப்படியே 20 வரைக்கும். கணக்கு போட்டா மூணு நிமிஷம் சொச்சம்தான் வரும். நடுவுல நெனப்பு எங்கயாவது ஓடிட்டா பரவால்ல, எந்த வளைவுல விட்டோமோ அங்கிருந்தே ஏறலாம். இதே ஆடியோவை நாகலூர் தாண்டி எஸ்டேட்ல வேலை பாக்குற எங்க அத்தைக்கும் அனுப்பினேன், அங்க சிக்னல் வர்றதே பெரிய பாடு, ஆனா ஒருவாட்டி எறங்கிட்டா நெட் இல்லாமலே கேக்கலாம்ல.

ஸ்டெப் 4. தினமும் ஒருவாட்டி மனசு எப்படி இருக்குன்னு குறிச்சு வெக்கணும். டேலியோன்னு ஒரு ஆப்ல 5 மூஞ்சி இருக்கும், அன்னைக்கு எதுவோ அதைத் தொட்டா போதும். டைப் பண்ண வராதவங்க அரை நிமிஷம் வாய்ஸா பேசி வெச்சுக்கலாம். ரெண்டு வாரம் விடாம பண்ணுங்க, டாக்டருங்களும் கடைசி 2 வாரம் எப்படி இருந்துச்சுன்னுதான் கேப்பாங்க. அக்காவுதைப் பாத்தா சனிக்கிழமை சனிக்கிழமை அழுற மூஞ்சி. கூலி போடுற நாளு.

ஆப் ஏத்துறதுக்கு முன்னாடி பிளே ஸ்டோர்ல 'டேட்டா சேஃப்டி'யை கண்டிப்பா படிங்க, உங்க விவரத்துல எதெல்லாம் எடுக்குறாங்க, எதை வெளி ஆளுங்களுக்கு குடுக்குறாங்கன்னு அதுல போட்டிருக்கணும். இது சும்மா பயம் காட்டுறது இல்லைங்க, 2023ல பெட்டர்ஹெல்ப்னு ஒரு பெரிய ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி, ஆளுங்களோட தகவலை விளம்பரத்துக்கு பகிர்ந்த வழக்குல 78 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு, அமெரிக்க அரசு போட்ட கேஸு. இன்னொண்ணு, '7 நாள் இலவசம்'னு சொல்றதுல கார்டு நம்பர் குடுத்துட்டு அப்புறம் ஆப்பை டெலீட் பண்ணிட்டா சந்தா நிக்காது, பிளே ஸ்டோர்ல 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போயி கேன்சல் பண்ணணும். இது தெரியாம எனக்கு ஒரு வருஷக் காசு போச்சு.

கடைசி ஸ்டெப், இது எந்த ஆப்பும் இல்ல, வெறும் போன் நம்பர். 14416. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம், தேவைப்பட்டா மனநல டாக்டர்கிட்டயும் இணைச்சு விடுவாங்க. தூக்கம் இல்லாம ரெண்டு வாரம் தாண்டிருச்சு, சோறு எறங்கல, செத்துரலாம்னு நெனப்பு வருதுன்னா மூச்சுப் பயிற்சியை நம்பிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க, இல்ல நம்ம சேலம் ஜிஹெச்ல மனநலப் பிரிவுக்கு போங்க, கூட ஒருத்தரு துணைக்கு போங்க.

அக்கா ஒரு வாரம் யோசிச்சுட்டுதான் கூப்பிட்டுச்சு. பாதி நேரம் அழுதுட்டுதான் இருந்துச்சாம், அந்தப் பக்கம் இருந்தவங்க அவசரப்படுத்தாம கேட்டுட்டு இருந்தாங்களாம். வீட்ல யாராவது போனை எட்டிப்பாத்தா சங்கடமா இருக்கும்னு சொல்லுச்சு, அதனால அந்த நம்பரை 'அம்மாயி'ன்னு சேவ் பண்ணி குடுத்திருக்கேன்.