கோல்ட் என்று பொறித்திருந்தால் அமெரிக்காவில் செய்ததா? பழைய ரிவால்வரின் முத்திரைகளை வாசிக்கும் முறை

குழல்மேல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் பெயரைப் பார்த்ததும் அதன் ஆலை இருந்த ஹார்ட்ஃபோர்டில் செய்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வடிவம் அமெரிக்காவுடையதாக இருக்கும், ஆனால் பாகங்களை வார்த்தது ஓர் ஊர், பூட்டியது ஓர் ஊர், குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதித்து முத்திரை குத்தியது இன்னோர் ஊர் என்று இருக்கலாம், அதனால் ஒவ்வொரு முத்திரையையும் தனித்தனியாகத்தான் வாசிக்க வேண்டும்.

தொடும் முன்னால் உள்ளே தோட்டாவோ வெடிமருந்தோ இல்லை என்று விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்தை இடித்து நிரப்பும் பழைய ரகத்தில் தாத்தா காலத்து மருந்துகூட அப்படியே கிடக்கும். அப்புறம் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்; நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாத முத்திரை, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பளபளப்பாக்குகிறேன் என்று மட்டும் தேய்த்துவிடாதீர்கள், தேய்த்தால் போவது துரு மட்டுமல்ல.

அதிகம் பேர் ஏமாறுவது லண்டன் விஷயத்தில்தான். நிறுவனர் சாமுவேல் கோல்ட் 1853-இல் லண்டன் பிம்லிகோவில் ஆலை திறந்தார், 1856-இல் மூடிவிட்டார். அங்கே செய்தவற்றில் குழல்மேல் லண்டன் முகவரி இருக்கும். ஆனால் ஹார்ட்ஃபோர்டில் செய்து இங்கிலாந்தில் விற்றவற்றிலும் கிரீடம் வைத்த லண்டன் சோதனை முத்திரை உண்டு. முத்திரை சொல்வது எங்கே சோதித்தார்கள் என்பதை மட்டும்தான். முகவரியோடு சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

'கோல்ட் பிரெவெத்தே' (பிரெஞ்சில் 'காப்புரிமை பெற்றது') என்று இருந்தால் பெரும்பாலும் பெல்ஜியத்தின் லியேஜ் வேலை. முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகளைத் தேடுங்கள், அதுதான் லியேஜின் சோதனை முத்திரை. அதன்மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது.

ரஷ்ய எழுத்தைப் பார்த்ததும் ரஷ்யாவின் துலா ஆலை என்று சொல்வதும் அவசரம்தான். இன்னோர் அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரஷ்ய மாடலை துலாவிலும் செய்தார்கள், பெர்லினில் லுட்விக் லோவேயும் செய்தார், ஆனால் ரஷ்யாவுக்காக அமெரிக்காவிலேயே செய்ததிலும் அதே எழுத்துதான். வரியை முழுக்க வாசித்தால் செய்தவர் பெயர் கிடைக்கும். ஸ்பெயினின் ஐபார் நகல்களில் இன்னொரு தந்திரம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெயர் கண்ணில் அடிக்கும், கூர்ந்து வாசித்தால் அந்த நிறுவனத்தின் தோட்டா இதற்குப் பொருந்தும் என்றுதான் எழுதியிருக்கும்!

இத்தாலியின் கார்தோனே வால் துரோம்பியாவில் உபெர்த்தி போன்றவர்கள் செய்த புது நகல்கள் சுலபம். சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறியீடு இருக்கும்: 1974 வரை ரோமன் எண், 1975-இலிருந்து ஏஏ, ஏபி என்று இரண்டு எழுத்து.

கடைசியாகத் தொடர் எண். உடற்சட்டம், குழல், விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பு, கைப்பிடியின் பின்பக்கப் பட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கிறதா? குழலில் மட்டும் வேறு எண் என்றால், பிறகு யாரோ எங்கிருந்தோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள், அந்தக் குழலில் உள்ள முகவரியை வைத்து மற்ற பாகங்களுக்கு ஊர் சொல்ல முடியாது.