இயக்க விதிகள் தேர்வு: மார்க் எங்கே போகிறது?

ப்ளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியலும் இயக்க விதிகளும் அடுத்தடுத்து வரும் பாடங்கள். இவற்றில் மார்க் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. கேள்வியைப் படித்ததும் விசைகளை வரையாமல் நேராகச் சூத்திரத்துக்குத் தாவுவதால்தான் போகிறது.

உராய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வு என்றால் ‘குணகம் × செங்குத்து விசை’ (தரை பொருளை மேல்நோக்கித் தாங்கும் விசை) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் சொல்வார்கள். சரி, தரையில் 10 கிலோ பெட்டி ஒன்று இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². 25 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளினால் உராய்வு எவ்வளவு? சட்டென்று வரும் பதில் 40. முன்னால் 25, பின்னால் 40 என்றால் பெட்டி தள்ளுகிறவர் மேலேயே அல்லவா வந்து மோத வேண்டும்? 40 என்பது உச்ச அளவு மட்டும்தான். பெட்டி நகராதவரை உராய்வு, தள்ளும் விசைக்குச் சமமாகவே இருக்கும். இங்கே 25 நியூட்டன். 40ஐத் தாண்டித் தள்ளி, பெட்டி நகர ஆரம்பித்த பிறகுதான் 0.3க்கு வேலை.

அடுத்தது, செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற நினைப்பு. அதே பெட்டியைக் கயிறு கட்டி, கிடைத்தளத்துக்கு 30° மேல்நோக்கி 50 நியூட்டனால் இழுங்கள். மேல்நோக்கிய கூறு 25. ஆகவே செங்குத்து விசை 100 இல்லை, 75. உச்ச உராய்வு 30 ஆகிறது, கிடைக்கூறு 43.3. பெட்டி நகரும். இப்போது அதே 50 நியூட்டனால், அதே 30° கோணத்தில் கீழ்நோக்கித் தள்ளுங்கள். செங்குத்து விசை 125, உச்ச உராய்வு 50. கிடைக்கூறு அதே 43.3தான். பெட்டி அசையாது! ‘இழுப்பது சுலபமா, தள்ளுவது சுலபமா’ என்ற கேள்விக்கு சைன், காஸ் போட்டு வரிவரியாக மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒருமுறை எண்களை வைத்துப் படம் வரைந்து பாருங்கள். பிறகு மறக்கவே மறக்காது.

நியூட்டனின் மூன்றாம் விதியில் ஒரு பழைய பொறி உண்டு. மேசை மேல் புத்தகம். அதன் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் செயல், எதிர்ச்செயல் என்று எழுதிவிடுவார்கள். இரண்டுமே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன, ஆகவே அவை ஜோடி ஆகா. புத்தகத்தைப் பூமி இழுக்கிறது என்றால், பூமியைப் புத்தகம் இழுப்பதுதான் அதன் ஜோடி. எது எதன்மேல் விசை செலுத்துகிறது என்று முழு வாக்கியமாக எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

குறிகளிலும் கவனம் வேண்டும். 20 மீட்டர் உயர மாடியிலிருந்து 15 மீ/வி வேகத்தில் கல்லை மேல்நோக்கி எறிகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரம்? மேல்நோக்கு நேர்க்குறி என்றால் இடப்பெயர்ச்சி −20, முடுக்கம் −10. சமன்பாட்டைத் தீர்த்தால் 4 வினாடி. இடப்பெயர்ச்சிக்கு +20 போட்டால் வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி எண் வந்து நிற்கும். அங்கேயே சுதாரித்துக்கொண்டு குறியைத் திருத்தலாம். இன்னொன்று: கல் உச்சியில் இருக்கும்போது திசைவேகம்தான் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி அதே 10. முடுக்கமும் சுழி என்றால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும்.

படிக்கும் முறையிலும் ஒரு தவறு. எடுத்துக்காட்டுக் கணக்கின் தீர்வைக் கண்ணால் ஓட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்புவது. தீர்வைத் தாளால் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் விசைப்படத்திலிருந்து ஆரம்பியுங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த வரியை மட்டும் திறந்து பாருங்கள். நேரம் குறைவாக இருந்தால் பத்துக் கணக்கை வாசிப்பதைவிட மூன்றை இப்படிப் போடுவது மேல்.

அப்புறம், அலகு. மணிக்கு 72 கி.மீ. என்று கொடுத்தால் முதல் வரியிலேயே 20 மீ/வி என்று மாற்றி எழுதிவிடுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கேள்வியில் சொல்லியிருந்தால், வசதிக்காக 10 போடாதீர்கள்.